எலிக்கு மெனோபாஸ் வருமா?

போன எபிசோட் கேட்டுட்டு ஒருத்தங்க அனுப்பின கேள்வி இது: "மெனோபாஸ் மருந்தையெல்லாம் முதல்ல எலிக்குத்தானே கொடுத்துப் பார்க்கிறாங்க, எலிக்கு மெனோபாஸ் வருமா?" நமக்கு வர்ற மாதிரி வராதுங்க. அந்த வித்தியாசம் தெரியாம எலி ஆய்வைப் படிச்சா குழப்பம்தான்.

பெண் எலிக்கு மாதவிடாய் கிடையாது. நாலஞ்சு நாளுக்கு ஒரு சினைச் சுழற்சி. ஒரு வயசு நெருங்கும்போது அது தடுமாறும். அப்புறம் பல எலிகள் 'தொடர் ஈஸ்ட்ரஸ்'ங்கற நிலைக்குப் போயிடும். முட்டை வெளியே வராது, புரொஜெஸ்டிரான் குறைவு, ஆனா ஈஸ்ட்ரோஜன் சுரந்துக்கிட்டே இருக்கும். மனுஷங்களுக்கு 50 வயசு வாக்குல முட்டை இருப்பே தீர்ந்து, ஈஸ்ட்ரோஜன் விழுந்துடுது. எலிக்கு இருப்பு மிச்சம் இருக்கும்போதே சுழற்சி நின்னுடுது.

அப்போ கோளாறு எங்கே? நாங்க டீபக் பண்ற மாதிரியே பண்ணியிருக்காங்க: ஒவ்வொரு பாகமா மாத்திப் பார்க்கிறது. கிழட்டு எலியோட சினைப்பையை இளம் எலிக்குள்ள வச்சா, அது திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சது. இளம் சினைப்பையைக் கிழட்டு உடம்புக்குள்ள வச்சா பெரும்பாலும் பலன் இல்லை. மிச்சிகன்ல ஜோசப் மைட்ஸ் குழு மூளையோட ஹைப்போதலாமஸ் பக்கமா போனாங்க. மின்தூண்டல், மருந்துனு கொடுத்து, நின்னுபோன எலிகளை மறுபடி முட்டை விட வச்சாங்க. ஆக எலியில முதல்ல தளர்றது பெரும்பாலும் மூளையோட சிக்னல்.

சரி, சிக்னலை வாங்குற கருப்பை? அங்கேதான் ரிசெப்டர் வருது. 1950களோட கடைசியில சிகாகோவுல எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளம் போட்ட ஈஸ்ட்ரோஜனை பெண் எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தார். மத்த உறுப்புகள் அதை விட்டுடுச்சு, கருப்பை பிடிச்சு வச்சுக்கிச்சு. அந்தப் பிடிதான் ரிசெப்டர். வயசான எலியோட கருப்பையில அது குறைவுன்னு 1970கள்லயே ஆய்வுகள் வந்தது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. ரிசெப்டர் எண்ணிக்கை அந்த நாலு நாள் சுழற்சிக்குள்ளேயே ஏறி இறங்கும். ஈஸ்ட்ரோஜன் வந்தா புரொஜெஸ்டிரான் ரிசெப்டர் கூடும். புரொஜெஸ்டிரான் வந்தா ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் குறையும். சுழற்சியில இருக்கிற இளம் எலியையும் தொடர் ஈஸ்ட்ரஸ்ல சிக்கின கிழட்டு எலியையும் அப்படியே பக்கத்துல வச்சு எண்ணினா, நாம அளக்கிறது வயசையா, அன்னைக்கு ரத்தத்துல இருந்த ஹார்மோனையா? அதனால நல்ல ஆய்வுகள்ல ரெண்டு பக்கமும் சினைப்பையை எடுத்துட்டு, ஒரே அளவு ஹார்மோன் கொடுத்துட்டுத்தான் அளப்பாங்க.

ஹார்மோன் மட்டும்தான் காரணம்னும் சொல்லிட முடியாது. வயசாக ஆக கருப்பைச் சுவர்ல கொலாஜன் சேருது. கருவைத் தாங்கத் தயாராகுற உட்படலம் சரியா உருவாகுறதில்லை. சுண்டெலியில இளம் தாயோட கருவை வயசான கருப்பையில வச்சப்போ தங்குறது குறைஞ்சது. பெண்கள்ல கதை வேற. தானமா வாங்கின முட்டையோட 50 வயசுலயும் பிள்ளை பெத்திருக்காங்க. நமக்கு முதல்ல காலியாகுறது முட்டை.

இது ஏன் முக்கியம்னா, 'மெனோபாஸ் எலி'ன்னு நிறைய ஆய்வுகள்ல வர்றது சினைப்பை எடுத்த இளம் எலி. அதுக்கு ஹார்மோன்தான் போச்சு, வயசு ஆகலை. 2002ல அமெரிக்காவுல 16,608 பெண்கள் இருந்த ஒரு பெரிய ஹார்மோன் சோதனையைப் பாதியில நிறுத்தினாங்க. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் எல்லாம் கூடினது தெரிஞ்சது. அதுல சேர்ந்தவங்க சராசரி வயசு 63, மெனோபாஸ் முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல. ஹார்மோன் இல்லாத இளம் உடம்புக்குக் கொடுக்கிறதும், பல வருஷம் அது இல்லாமலே பழகின உடம்புக்குக் கொடுக்கிறதும் ஒண்ணான்னு அதுக்கப்புறம்தான் சத்தமா கேட்க ஆரம்பிச்சாங்க.

அதனால கேள்வி அனுப்பினவங்களுக்கு: அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, அந்த எலிக்கு என்ன வயசு, சினைப்பை இருந்துச்சா, இதை மட்டும் பார்த்துடுங்க. மருந்து விஷயத்தை டாக்டர்கிட்டயே கேளுங்க.