மனச் சோர்வுக்கு மருந்து உண்ணலாமா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின் இமாம் எழுந்து நின்றால், சந்தா பாக்கியைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அதனைச் செயலாளர் அவர்களிடமே விட்டுவிடுகிறேன். இஷாத் தொழுகைக்குப் பின் என் அறைக்கு வருவோர் தாழ்ந்த குரலில் கேட்கும் ஒரு கேள்வியை இன்று சபையில் உரக்கப் பேச விரும்புகிறேன். கேட்டவர் யார் என்பது அமானிதம். அது என்னோடு இருக்கும்.

கேள்வி இதுதான்: “ஹஜ்ரத், பல மாதங்களாக மனம் எதிலும் ஒட்டவில்லை. டாக்டர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். சீட்டு சட்டைப் பையிலேயே இருக்கிறது. வாங்கவா, கிழித்துப் போடவா?”

இவ்வாறு கேட்பவர் கடையைத் திறக்கிறார், கணக்குப் பார்க்கிறார், ஜமாஅத்துத் தொழுகையில் நம் தோளோடு தோள் நிற்கிறார். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெருநாள் வந்தாலும் மகிழ்ச்சி இல்லை. பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் பாரமாகவே தோன்றுகிறது. நள்ளிரவு கடந்ததும் விழிப்பு வந்து, விடியும்வரை தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டு கிடக்கிறார். இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் இந்நிலை நீடித்தால் மருத்துவர்கள் அதனை மனச்சோர்வு நோய் என்று ஐயுறுகின்றனர். சிலருக்குக் கடுமை குறைவாக, ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வீட்டார் “அவர் சுபாவமே அப்படி” என்று சொல்லிப் பழகிவிடுவார்கள். நாளடைவில் அவரும் அதை நம்பிவிடுவார். சுபாவம் என்று கருதப்பட்ட அதுவும் சிகிச்சைக்கு உரிய நோயே.

சீட்டைக் கிழித்துவிட நினைப்பதற்கு முதற்காரணம், மாத்திரை உண்டால் ஈமானில் குறை என்னும் அச்சம். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்பார்வையை இழந்தார்கள். அந்தத் துயரம் அவர்களுடைய நபித்துவத்தில் ஒரு குறையையும் உண்டாக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வினவியபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது. அங்கே உடல் நோய், மன நோய் என்ற பிரிவினை இல்லை. மரணம் நிகழ்ந்த வீட்டில் வாற்கோதுமையால் ‘தல்பீனா’ என்னும் கஞ்சி காய்ச்சச் செய்வார்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். அது நெஞ்சத்தின் துக்கத்தைச் சற்றுத் தணிக்கும் என்று நபியவர்களிடம் கேட்டதாகவும் அறிவித்துள்ளார்கள். துக்கத்திற்கு வாய்வழியாக ஒன்றை உட்கொள்வது நமக்குப் புதிய செய்தி அன்று.

நம்முடைய கல்வி மரபிலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் காலமான அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள் உடல், உள்ளம் இரண்டின் நலனைக் குறித்தும் ஒரே நூலில் எழுதினார்கள். கவலையை அவர்கள் இரு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்ததால் வருவது, காரணம் தெரிந்தது. மற்றொன்று, காரணமே தெரியாமல் வந்து மனிதனை அழுத்துவது. இந்த இரண்டாம் வகை உடலின் நிலையிலிருந்து எழுவதால் அதற்கு உடல்வழியான சிகிச்சையும் தேவை என்றார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலிம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க, நாம் இன்னும் “உனக்கு என்ன குறை? சோறு இருக்கிறது, வீடு இருக்கிறது” என்று நோயாளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, கண்ணேறு, செய்வினை, ஜின் என்னும் பேச்சு. ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. கேட்டு வருவோருக்கு நானே ஓதுகிறேன். ஆனால் ஓதுவதை மட்டும் செய்து, மருந்தை மறுத்து, மனிதனைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதை நம் மாநிலம் கண்டுவிட்டது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்ற தாய் தந்தையர், உடன்பிறந்தோர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று திட்டவட்டமாகத் தடை செய்துள்ளது. ஏர்வாடியிலேயே பின்னர் ‘தவா – துஆ’ என்னும் பெயரில், மருந்தும் பிரார்த்தனையும் அருகருகே அமையும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் முன்னரே தொடங்கப்பட்ட முறை அது.

நம் ஊருக்கு அருகிலேயே இன்னொரு சான்றைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் பாலம் கடந்து, நம்பர் ஒன் டோல்கேட்டில் மேற்கே திரும்பி முசிறி சாலையில் சென்றால் குணசீலம். அங்குள்ள பெருமாள் கோயிலுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்து வந்து 48 நாள் தங்கவைப்பது நம் இந்துச் சகோதரர்களின் நெடுநாள் வழக்கம். ஏர்வாடி நிகழ்ச்சிக்குப் பின் அங்கே அரசு உரிமத்துடன் மறுவாழ்வு மையம் அமைந்தது. மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். கோயிலில் வழிபாடு நின்றுவிடவில்லை, மருந்தும் நடக்கிறது.

மூன்றாவது அச்சம் ஊர்ப்பேச்சு. பெண்ணுக்கு வரன் வராது என்பார்கள். ஆகையால் நம் மஹல்லாக்காரர் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் மருத்துவரைப் பார்க்கிறார். ஸ்ரீரங்கத்துக்காரர் அதே பாலத்தில் எதிர்த்திசையில் தில்லைநகருக்கு வருகிறார். இருவரும் நடுப்பாலத்தில் சந்தித்துக்கொண்டாலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்! மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதன்முதலில் 1997இல் தொடங்கப்பட்டதே நம் திருச்சி மாவட்டத்தில்தான். வீட்டருகே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்நோய்க்கு மருந்து கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இனி மருந்தைப் பற்றி. இவ்வகை மருந்து முதலில் அறியப்பட்ட விதம் வியப்புக்குரியது. 1952இல் நியூயார்க் நகரின் ஸீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாஸிட் என்னும் புதிய மருந்து கொடுத்தபோது, அவர்களுடைய மனமும் உற்சாகம் பெற்றதை மருத்துவர்கள் கவனித்தனர். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை உண்பவரை யாரும் தவக்குல் இல்லாதவர் என்று சொல்வதில்லை. இன்று பெரும்பாலும் எழுதப்படுபவை ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ரலின், எஸிட்டலோப்ராம் போன்றவை. இவை போதை தருபவை அல்ல. மயக்கமோ களிப்போ உண்டாக்குவதில்லை. ஆகவே மதுவோடு ஒப்பிட்டு ஹராம் என்று கூறுவது அறியாமை. ஆனால் அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரை வேறு. அது பழக்கத்திற்கு அடிமையாக்கக் கூடியது. மருந்துக் கடையில் தாமாகவே அதைக் கேட்டு வாங்கி உண்டுகொண்டு, “நானும் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறேன்” என்று சிலர் சொல்கிறார்கள். இதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

மாத்திரை எல்லாருக்கும் வேண்டும் என்று நான் கூறவில்லை. சோர்வு இலேசாக இருப்பின், உளவியலாளரிடம் முறையாகப் பேசும் சிகிச்சை, அன்றாட நடை, சீரான உறக்கம் ஆகியவற்றாலேயே தேறலாம். நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பின் மருந்தின் தேவை கூடுகிறது. 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ், 21 மருந்துகள் குறித்த 522 ஆய்வுகளை, 1,16,477 நோயாளிகளின் விவரங்களோடு தொகுத்து வெளியிட்டது. 21 மருந்துகளும் வெறும் மாத்திரையைக் காட்டிலும் பயன் தந்தன. ஆயினும் அந்தக் கூடுதல் பயன் மிதமானதே. மூளையில் ஒரு பொருள் குறைந்துவிட்டது, அதை நிரப்புகிறோம் என்று எளிதாகச் சொல்லப்படும் விளக்கத்தையும் ஆய்வாளர்கள் இன்று அப்படியே ஏற்பதில்லை. எனவே மந்திரம் போல் எதிர்பார்க்க வேண்டாம். விஷம் போல் அஞ்சவும் வேண்டாம்.

மருத்துவரிடம் மறைக்காதீர்கள். முன்னர் எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், உறக்கமின்றி ஓயாத பேச்சு, கண்மூடித்தனமான செலவு இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்நோய்க்கு மருந்து வேறு. தைராய்டு, இரத்தசோகை முதலியவற்றைப் பரிசோதித்துக்கொள்வதும் நன்று.

பத்தாம் நாளில் “ஒன்றும் ஆகவில்லை” என்று நிறுத்திவிடுவதே நம்மவர் வழக்கம். முதல் வாரங்களில் குமட்டல், தலைவலி, அமைதியின்மை முந்திக்கொண்டு வரும். பயன் பின்னால் வரும். நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இல்லற நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு மருந்தை விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். குணமான பின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். 25 வயதுக்குட்பட்டோருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகலாம் என்னும் எச்சரிக்கை உண்டு. ஆகவே பெற்றோர் அந்நாட்களில் பிள்ளையைத் தனியே விடலாகாது. அத்தகைய எண்ணம் எவ்வயதினருக்கு வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

நோன்பைப் பற்றியும் பெண்கள் தரப்பில் கேட்டிருந்தார்கள். இம்மருந்துகளில் பெரும்பாலானவை நாளொன்றுக்கு ஒரு வேளைதான்; மருத்துவரிடம் கேட்டு இஃப்தாருக்குப் பின்னோ ஸஹரிலோ மாற்றிக்கொள்ளலாம். லித்தியம் உண்போர் மட்டும் மருத்துவரின் அனுமதியின்றி நோன்பு நோற்க வேண்டாம். உடலில் நீர் குறைந்தால் அம்மருந்தின் அளவு இரத்தத்தில் ஆபத்தாக உயரக்கூடும். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்திருப்பது நம் மார்க்கமே. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

சட்டைப் பையில் சீட்டு இருப்பவர் நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு போகலாம். கட்டணத்திற்கு வழியில்லை என்றால், புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியே போகத் தயங்குபவர் என்னிடம் சொல்லுங்கள், உடன் வருகிறேன். வரிசை நீண்டு லுஹருக்குள் நான் திரும்பாவிட்டால், மோதினார் சாஹிப் தொழுகையை நடத்துவார்.