கடல் கடந்த பெயர்

நம்மில் ஒருவன் பெயருக்கு முன்னே தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும். அவன் மகனுக்கு அவ்வெழுத்து மாறிவிடும். தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயர் தமிழரிடையே பெரும்பாலும் வழக்கில் இல்லை. ஆயினும், தென்னமெரிக்காவிலுள்ள கயானாவில் 'நாகமுத்து' என்பது குடும்பப் பெயர். 2015 முதல் 2020 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. குந்தாரப்பள்ளித் திண்ணையில் ஒரு முதியவரை அழைப்பது போன்ற இப்பெயர், அங்கே குடும்பப் பெயரானது எங்ஙனம்?

1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் கரும்புத் தோட்ட வேலைக்காக அந்நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலும், ஒரு பகுதியினர் சென்னையிலும் கப்பலேறினர். எழுத்தர் ஒவ்வொருவரின் பெயரையும், தந்தை பெயரையும், ஊரையும் குறித்துக்கொண்டார். காதில் விழுந்தது ஏட்டில் ஏறிற்று. அக்கரை வழக்கமோ குடும்பப் பெயரை வேண்டிற்று. பாட்டன் பெயர் பேரனுக்கும் அவன் பேரனுக்கும் நிலைத்துவிட்டது.

இன்னொரு விந்தையும் உண்டு. 'முத்து' என்பதிலுள்ள உகர ஒலிக்கு ஆங்கிலேயர் 'ஓ' எழுத்தை இருமுறை இட்டனர். பிரெஞ்சுக்காரர் 'ஓ'வுடன் 'யூ' சேர்த்தனர். 1854 முதல் இந்தியர் சென்று குடியேறிய பிரெஞ்சுத் தீவு குவாதலூப். அங்கே 'முத்துசாமி' அவ்வாறே எழுதப்படுகிறது. பாட்டன் எந்த நாட்டார் தோட்டத்தில் உழைத்தான் என்பதைப் பேரனின் எழுத்துக்கூட்டே பல வேளைகளில் சொல்லிவிடும்!

அந்த எழுத்தரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் நம் எல்லைப்புறத்தில் ஆசிரியனாக இருந்தவன் நான். 'முனியப்பா' என்று ஒரு தந்தை மகன் பெயரைச் சொன்னார். நான் அவரைக் கேளாமலே 'முனியப்பன்' என்று பதிவேட்டில் எழுதினேன். இலக்கணம் திருத்திவிட்டதாக எனக்குப் பெருமை. ஆண்டுகள் பல கழிந்து அவன் வந்தான். நிலப்பத்திரத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். "இரண்டும் நான்தான் என்று எழுதிக் கொடுங்கள், ஐயா" என்றான். எழுதிக் கொடுத்தேன், கை நடுங்கிற்று.

கடல் கடந்தோரின் வழித்தோன்றல்கள் இன்று பழைய ஏடுகளில் தம் ஊரைத் தேடுகின்றனர். அவர்களுக்குக் கிட்டும் நூலிழை, யாரோ எழுதிய அந்தப் பெயரே. ஆகவே மாணவர்களே, இன்றிரவு உங்கள் பாட்டன் பாட்டியின் பெயரையும் ஊரையும் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். நாளை நீங்கள் எழுதுகோல் பிடிக்கும் இடத்தில் அமர்ந்தால், எதிரே நிற்பவரிடம் எழுதியதைப் படித்துக் காட்டி, "சரிதானா?" என்று ஒருமுறை கேளுங்கள்.