படத்தில் அம்மா எங்கே?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றி நாம் நிறையப் பேசியாச்சு. இன்னைக்கு வேறு ஒரு விஷயம் பேசுவோம். உங்க வீட்டு செல்போனை எடுத்துப் பாருங்க. பிள்ளை தவழ்ந்தது, காதுகுத்து, பள்ளிக்கூடம் போன முதல் நாள் எல்லாம் இருக்கும். அதில் அம்மா எத்தனை படத்தில் இருக்கிறாள்? இருந்தாலும், நல்ல புடவை கட்டிச் சிரித்தபடிதான் இருப்பாள். நடுராத்திரியில் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவளின் படம் யாரிடமும் இருக்காது.

அப்படி மறைந்துபோகிற தாயைத் தானே படம் எடுத்தவர் எலினோர் கரூச்சி. 1971-ல் ஜெருசலேமில் பிறந்து, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழும் புகைப்படக் கலைஞர். 2004-ல் இவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. கர்ப்ப காலம் தொட்டுப் பல வருடம் தன்னையும் பிள்ளைகளையும் படம் எடுத்தார். பிரசவத்துக்குப் பிறகான வயிறு, பால் கொடுத்துச் சோர்ந்த உடம்பு, பிள்ளையின் அழுகை, தன் கோபம், பாசம் எதையும் மறைக்கவில்லை. 2013-ல் இவை 'மதர்' என்ற புத்தகமாக வந்தன.

"அவங்க கலைஞர், நமக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். சீனாவில் யுன்னான் மாகாணத்தில், 1990-களின் தொடக்கத்தில் 62 கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்து, உங்க வாழ்க்கையை நீங்களே எடுங்கன்னு சொன்னாங்க. தாய் வயலில் வேலை செய்ய, பார்த்துக்க ஆளில்லாமல் கிடந்த குழந்தையும் படத்தில் வந்தது. அதைக் காட்டித்தான் குழந்தைகள் காப்பகத்தின் தேவையை அதிகாரிகளிடம் பேச முடிந்தது.

நம்ம ஊரிலும் பிள்ளை பெற்ற வீட்டில் ஆள் நிறைய இருக்கும். "பிள்ளை பால் குடிச்சுதா?"ன்னு கேட்பாங்க. "நீ தூங்கினியா?"ன்னு கேட்க ஆளிருக்காது. சேமிப்புப் பணம் மாமியார் கையில் வந்துவிடும், அவள் மட்டும் கூட்டத்துக்கு வரமாட்டாள்.

இந்த மாதம் ஒரு படம் எடுப்போம். போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, வேலை செய்யும்போது இருக்கிறபடியே எடுங்க. தலை சீவலைன்னாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். விரும்பினால் குழுவில் காட்டிப் பேசலாம், கட்டாயமில்லை. போன் இல்லாதவங்க வாயால் சொன்னாலே போதும்.

பிரசவம் ஆனதும் சில நாள் மனசு கனப்பது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்க. 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துக்கலாம்னு எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

உங்க குழுவில் கைக்குழந்தைக்காரி இருந்தால், இந்த வாரமே இரண்டு பேர் போய் வாங்க. பிள்ளையைப் பார்க்க மட்டுமில்லை, உன்னைப் பார்க்கவும்தான் வந்தோம்னு அவளிடம் சொல்லுங்க.