எழுத்தறிவிப்போரின் உலகக் கூட்டமைப்பு

(கூரத்தில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)

ஆசிரியப் பெருந்தகையீர்! தறிமேல் நாளெல்லாம் உழைத்து மக்களைப் பள்ளிக்கு விடுக்கும் பெற்றோர்களே!

இவ்வூர்ச் செப்பேட்டை வரலாற்றறிஞர் அனைவரும் அறிவர். 7ஆம் நூற்றாண்டில் பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மன் கூரத்துச் சிவன் கோயிலுக்கு ஓர் ஊரையே கொடையாக்கினான். கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கும் அக்கொடையில் ஒரு பங்கு வகுக்கப்பெற்றது. ஊரார்க்கு அறிவு புகட்டுபவன் வயிற்றுக்கு அலையலாகாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். ஆயினும் அது வேந்தன் விரும்பி ஈந்தது. கொடை வேறு, உரிமை வேறு. உரிமையைத் தனியொருவன் பெறுதல் அரிது. அதற்குக் கூட்டு வேண்டும்.

அக்கூட்டு உலக அளவில் எளிதில் அமைந்துவிடவில்லை. 1946இல் ஓர் ஆசிரியர் கூட்டமைப்பும், 1951இல் மற்றொன்றும், 1952இல் இன்னொன்றும் தோன்றின. வல்லரசுகளின் பகைமை ஆசிரியரையும் பிரித்தது. தொழிற்சங்கமாக இயங்குவதா, புலமைத் தொழிலோரின் கழகமாக இயங்குவதா என்ற வழக்கும் இடைநின்றது. 1951, 1952ஆம் ஆண்டுகளில் தோன்றிய இரண்டும் 1993 சனவரியில் சுவீடன் தலைநகர் சுடாக்கோமில் இணைந்து பன்னாட்டுக் கல்வியமைப்பு ஆயின. அதன் தலைமையகம் பெல்சியத்தின் பிரசெல்சு நகரில் உள்ளது. 170க்கு மேற்பட்ட நாடுகளில் 3 கோடியே 20 இலக்கத்துக்கும் மேலான கல்விப் பணியாளரை உறுப்புச் சங்கங்களின் வழியே அது இணைக்கின்றது. அனைத்திந்தியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கூட்டமைப்பும் அதன் உறுப்பே.

அதன் கையிலுள்ள கருவி யாது? 1966 அக்டோபர் 5ஆம் நாள் பாரிசில், யுனெசுக்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கூட்டிய மாநாட்டில் ஏற்கப்பெற்ற பரிந்துரையே அது. 146 கூறுகள் கொண்ட அவ்வாவணம், கல்விக் கொள்கை வகுப்பதில் ஆசிரியர் அமைப்புகளுக்கும் இடம் வேண்டும் என்கின்றது. பேச்சு பயனற்றுப் போயின், பிற தொழிலாளர் அமைப்புகள் கையாளும் வழிகள் ஆசிரியர்க்கும் உண்டு என்கின்றது. 1994 முதல் அந்நாளே உலக ஆசிரியர் நாள்.

ஆயின் அது பரிந்துரையே, சட்டமன்று. 2003 சூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசுப் பணியாளரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கப்பட்டனர். அவர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென்று அவ்வாண்டு ஆகத்து 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 2012இல் 16,000க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 உருபா தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பெற்றனர். ஏட்டில் உள்ளது உலக உரிமை. வீட்டில் உள்ளது அரைவயிற்றுக் கஞ்சி!

எனவே பெற்றோரே, ஆசிரியர் போராட்டம் ஊதியப் போராட்டம் மட்டுமே எனக் கருதற்க. நிலையற்ற ஆசிரியனிடம் நிலைத்த கல்வி எங்ஙனம் கிட்டும்? காலியான ஆசிரியர் இருக்கையால் முதலில் இழப்பெய்துபவன் நெசவாளியின் மகனே. ஆசிரியர்களே, உங்கள் கோரிக்கைப் பட்டியலில் மாணவனின் தேவையை முதலில் எழுதுங்கள். அன்று ஊரே உங்கள் பின்னால் நிற்கும்.

ஓரிழையை எவனும் அறுப்பான். பாவும் ஊடும் கூடிய ஆடையை அறுத்தல் எளிதன்று. இதனைக் கூரத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கூடுக! வெல்க!