தொழிலிழந்தார்க்கு ஒரு சொல்



கண்டி வீதி வழியே கிளிநொச்சியைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர், ஆனையிறவை அடையுமுன் பரந்தன் சந்தியைக் காண்பர். முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி அங்கேதான் பிரிகின்றது. ஒருபுறம் இரணைமடுக் குளத்து நீரால் விளையும் நெல்வயல்கள். மறுபுறம், சற்று அப்பால், ஆனையிறவின் உப்பளம். இவ்விரண்டுக்கும் நடுவே 1950களில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தோடு தொடர்புபடுத்தி, காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்படுவது அது.

உப்புக் கரைசலினூடே மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடா, குளோரீன், ஐதரசன் என்னும் மூன்று பொருள்கள் கிடைக்கும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் வேண்டப்படுவது. குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்குவது. மழையையும் நெல்லையும் மாத்திரமே நம்பியிருந்த வீடுகளில், இவ்வாலையினால் மாதச் சம்பளம் என்ற ஒன்று முதன்முறையாக நுழைந்தது. பிள்ளைகளின் படிப்பும் வீட்டின் கூரையும் அந்தச் சம்பளத்தை நம்பி உயர்ந்தன.

1980களின் நடுப்பகுதியில், போர்ச் சூழலினால் அவ்வாலை நின்றது. 1990இல் காங்கேசன்துறை ஆலையும் ஓய்ந்தது. அக்காலத்தில் நான் பாடசாலை மாணவன். எங்கள் அயலில் இருந்த ஒருவரை இன்றும் மறக்க முடியவில்லை. வேலை இல்லையென்று ஆன பின்பும் அவர் காலை ஆறரை மணிக்கு வெள்ளைச் சட்டை அணிந்து, சாப்பாட்டுப் பெட்டியைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு புறப்படுவார். சந்தியில் உள்ள மரநிழலிலே மாலைவரை இருந்துவிட்டு, வேலை முடிந்து வருபவர் போலவே வீடு திரும்புவார். பிள்ளைகள் அறியக்கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் பிள்ளைகள் அறிவார்கள். அறிந்ததைத் தந்தை அறியக்கூடாது என்று அவர்களும் மறைத்தார்கள். ஒரு வீட்டுக்குள்ளே இரண்டு மௌனங்கள்!

இது எங்கள் ஊருக்கு மாத்திரம் உரிய துன்பம் அன்று. ஒஸ்திரியா நாட்டில் மரியந்தால் என்றொரு சிற்றூர். ஊர் முழுவதும் நம்பியிருந்த நூற்பாலை, 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் மூடப்பட்டது. மரீ யஹோடா என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும் அவ்வூரை ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டனர். வேலையற்றவர்களுக்கு நேரம் நிறைய இருந்தது. ஆயினும் ஊர் நூலகத்தில் நூல் எடுப்போர் தொகை கூடவில்லை, குறைந்தது. வீதியிலே நடப்போரின் நடை தளர்ந்தது. பலர் கைக்கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டனர். தொழில் என்பது கூலி மாத்திரமன்று; அது நாளுக்கு ஒழுங்கையும், மனிதருக்கு உறவையும் மதிப்பையும் தருவது என்ற உண்மையை அவ்வாராய்ச்சி காட்டிற்று. எங்கள் அயலவர் சாப்பாட்டுப் பெட்டியுடன் புறப்பட்டதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்நூலைப் பற்றி அறிந்த பின்னரே விளங்கிற்று. அவர் பொய் சொல்லவில்லை; தம் நாளைக் காப்பாற்றிக்கொள்ள முயன்றார்.

ஆகவே தொழிலை இழந்தவர் முதலிலே செய்யவேண்டியது, செய்தியை வீட்டாரிடம் சொல்லிவிடுவது. மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்தால் செலவைச் சுருக்கலாம், யோசனை கேட்கலாம். மறைத்தால் கடன் மறைவிலே வளரும். அடுத்து, துயில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். வேலை தேடுவதையும் ஒரு வேலையாகக் கொண்டு, அதற்கு நாளில் ஒரு பொழுதை ஒதுக்குங்கள்.

மூன்றாவது, உரிமையை அறிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில், 180 நாள் சேவை உடைய தொழிலாளியை, ஒழுக்கக் குற்றம் காரணமாக அன்றி நீக்குவதாயின், அவருடைய எழுத்து மூல இசைவு வேண்டும். அன்றேல் தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12. ஐந்தாண்டோ அதற்கு மேலோ சேவை உடையோருக்குப் பணிக்கொடையைக் குறித்து 1983ஆம் ஆண்டுச் சட்டம் பேசுகின்றது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். காலந் தாழ்த்தாது தொழில் திணைக்களத்தின் படியேறுங்கள். வெட்கப்பட வேண்டியது எதுவுமில்லை.

நான்காவதே மிக முக்கியமானது. போன வேலையின் பெயரை மறந்து, அவ்வேலையிலே கற்ற கைத்திறனை எண்ணிப் பாருங்கள். எங்கள் அயலவரிடம் ஒருநாள் ஒரு கமக்காரர், “அண்ணை, ஆலையிலே குழாயும் மோட்டரும் பார்த்தவரல்லோ, என்ரை பம்பை ஒருக்காப் பாருங்கோவன்” என்று கேட்டார். அவர் பார்த்தார், அது ஓடிற்று. மறுநாள் இன்னொருவர் வந்தார். சில மாதங்களில் அவருடைய முற்றமே ஒரு பட்டறையாயிற்று. ஆலை கொடுத்த பதவியை ஆலை எடுத்துக்கொண்டது. ஆலை கொடுத்த அறிவை யாரும் எடுக்கவில்லை. 1990களில், எரிபொருளும் மின்சாரமும் அருகிய வேளையில், மோட்டார்ச் சைக்கிளை மண்ணெண்ணெயிலே ஓட்டியதும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் இத்தகைய கைகளின் உதவியினாலேதான் அன்றோ!

இன்றைய இளைஞருக்கு வழிகள் கூடுதலாக உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. அனுபவத்தால் தொழில் கற்றவர்கள்கூடத் தம் திறமையைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கின்றது. நாற்பது வயதில் மாணவனாவது இழிவன்று.

அயலவர்க்கும் ஒரு சொல். வேலை இழந்தவரைக் காணும்போதெல்லாம் “ஏதும் கிடைத்ததோ?” என்று கேளாதீர்கள். அக்கேள்வி அன்பினால் எழுவதே. ஆயினும் அது சுடும். அதற்குப் பதிலாக, உங்களிடம் உள்ள சிறிய வேலை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள்; உரிய கூலியையும் கொடுங்கள். அந்தக் கமக்காரர் செய்தது அதுதான்.

திருவள்ளுவர் 62ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்து, அதை அடுத்து இடுக்கணழியாமையை வைத்தார். துன்பத்தில் உளம் தளராதிருக்கும் ஆற்றல், முயற்சி என்ற வாயிலினூடே வருவது என்று நான் அதற்குப் பொருள் கொள்வதுண்டு. மனம் தேறிய பின்பு கை அசையட்டும் என்று காத்திருப்பதனினும், கையை அசைத்து மனத்தைத் தேற்றுவதே எளிது.

ஆனையிறவில் இன்று மீண்டும் உப்பு விளைகின்றது. பரந்தன் ஆலையும் மீளவேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய விருப்பமுமாகும். விரும்புவோம், உரியவர்களிடம் கேட்போம். ஆனால் கைகட்டியபடி காத்திருக்க வேண்டாம். அந்த மரநிழலில் அமர்ந்திருந்தவர் எழுந்து சென்று ஒரு பம்பைத் திருத்திய நாளே, அவர் வீட்டின் இரு மௌனங்களும் கலைந்த நாள்.