சுரபி: ஒரு நாடகக் குடும்பத்தின் உழைப்பு

(கலை இலக்கியத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



நாடக வரலாறு என்றதும் நாடகாசிரியரும் கதாநாயகனுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். திரை இழுத்தவரையும், பெட்டி சுமந்தவரையும், ஆட்டம் முடிந்தபின் அடுப்பு மூட்டிய பெண்ணையும் எவரும் எழுதி வைப்பதில்லை. ஆந்திரத்தின் சுரபி குழுவில் இவர்கள் யாவரும் ஒரே குடும்பத்தினர்.

மராத்தியப் பகுதியிலிருந்து தெற்கே வந்து தோல்பாவைக்கூத்து நடத்தியவர்கள் இவர்களின் முன்னோர். வீட்டில் மராத்தியின் ஒரு வழக்கு, தொழிலில் தெலுங்கு. 1885இல் கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் சிற்றூரில், ஒரு திருமணத்தையொட்டி, பாவைகளை ஒதுக்கிவிட்டுத் தாமே வேடமிட்டு ‘கீசக வதம்’ ஆடினர். வனாரச கோவிந்தராவ் தலைமையில் பிறந்த அக்குழுவுக்கு ஊரின் பெயரே நிலைத்தது.

அக்காலத்தில் தெலுங்கு மேடையிலும் மராத்தி மேடையிலும் பெண் வேடம் ஆண்களுக்குரியது. ஸ்தானம் நரசிம்மராவும் பாலகந்தர்வரும் அதில் பெரும்புகழ் பெற்றனர். சுரபியோ பெண் வேடங்களைத் தன் வீட்டுப் பெண்களிடமே ஒப்படைத்தது. சீர்திருத்தப் பிரசங்கம் எதுவும் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னிருந்து சீதைக்கும் திரௌபதிக்கும் குரல் கொடுத்தவர்கள் அப்பெண்களே. குடும்பத் தொழிலில் எந்தக் கையும் சும்மா இருக்க இயலாது. அந்தத் தேவைதான் கதவைத் திறந்தது.

குழந்தைகளுக்கும் ஓய்வில்லை. பாலகிருஷ்ணன், பிரகலாதன், லோகிதாசன் என்று வேடங்களோடே அவர்கள் வளர்ந்தார்கள். ஊருக்கு ஊர் கொட்டகை போடுவது, திரை தீட்டுவது, ‘மாயாபஜார்’ நாடகத்தில் கயிறும் கப்பியும் கொண்டு மாயம் காட்டுவது, எல்லாம் வீட்டுப் பாடம். குடும்பம் பெருகப் பெருகக் குழுக்களும் பிரிந்து பெருகின.

சுரபி கமலாபாயின் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. தமயந்தியாக நடித்துக்கொண்டிருந்த தாய்க்கு மேடையிலேயே வலி கண்டு குழந்தை பிறந்ததாம். சபையோர் காசு வீசி மகிழ்ந்தனராம். இதை வியப்போடு சொல்பவர் பலர். எனக்கு எழும் கேள்வி வேறு. நிறைமாதப் பெண் அன்றிரவு ஏன் மேடையில் நின்றாள்? ஓர் ஆட்டம் நின்றால் குடும்பம் முழுவதற்கும் உலை ஏறாது. உறவே ஒப்பந்தமாக இருக்கும் இடத்தில் விடுப்பை யாரிடம் கேட்பது? முதலாளியும் தொழிலாளியும் ஒரே பந்தியில் உண்ணும் தொழிலில் சுரண்டல் எங்கே தொடங்குகிறது என்பதை நம் பாடப்புத்தகச் சூத்திரங்கள் எளிதில் காட்டித் தருவதில்லை.

அந்தக் கமலாபாய்தான் 1932இல் வெளிவந்த முதல் தெலுங்குப் பேசும்படமான ‘பக்த பிரகலாதா’வில் லீலாவதியாக நடித்தார். சினிமா முதலில் சுரபியின் மகளை எடுத்துக்கொண்டது. பின்னர் அதன் பார்வையாளரையும்.

புராண நாடகம் என்று இவர்களை ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் அப்படி ஒதுக்கியவன்தான். ஆனால் 1943இல் பிரஜா நாட்டிய மண்டலி தோன்றி, ‘மா பூமி’ நாடகத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றபோது, இரவெல்லாம் விழித்திருந்து நாடகம் பார்க்கும் மக்கள் அங்கே ஏற்கெனவே இருந்தனர். அவர்களை அவ்வாறு பழக்கியதில் சுரபி போன்ற குழுக்களுக்குப் பங்கில்லையா?

ஹைதராபாத் செல்லும் தோழர்கள் லிங்கம்பள்ளிப் பக்கத்துச் சுரபி குடியிருப்புக்குப் போய் வாருங்கள். ‘மாயாபஜார்’ பார்க்க வாய்த்தால், முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். திரைக்குப் பின்னால் சென்று, கயிற்றைப் பிடித்திருந்தவர்களிடமும் பேசுங்கள்.