தோட்டக்காரனின் உப்புப் பெட்டி



தலைப்பைப் பார்த்துவிட்டு, சமையல் பற்றிய பேச்சா என்று வாசலில் ஒருவர் கேட்டார். பாதி ஆமாம்.

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. உலகையே அடிமையாக்கக்கூடிய ஒரு மோதிரத்தை, அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். சுமப்பவன் ஃப்ரோடோ. கூடப் போகிறவன் அவன் வீட்டுத் தோட்டக்காரன் சாம். ஜன்னலுக்கடியில் ஒட்டுக்கேட்டு மாட்டிக்கொண்டதால் பயணத்தில் சேர்க்கப்பட்டவன். சாம்வைஸ் என்ற முழுப்பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் அரைகுறை அறிவுள்ளவன் என்று பொருள். வைத்தவர் பழைய ஆங்கிலப் பேராசிரியர், தெரிந்தேதான் வைத்தார்.

இவனை ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் விசுவாசம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு கூச்சம் உண்டு. எசமானுக்காக உயிரைக் கொடுக்கும் வேலைக்காரனைப் புகழ்வது எசமான்களுக்கு என்றைக்கும் வசதி. ஃப்ரோடோவை முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறும்போதுகூட சாமுக்கு அவர் ‘மிஸ்டர் ஃப்ரோடோ’தான். என்னை இழுப்பது அவன் முதுகிலிருக்கும் மூட்டை.

அதில் சமையல் பாத்திரங்கள் இருக்கின்றன. ஒரு சின்னப் பெட்டியில் உப்பு இருக்கிறது. கயிறு எடுக்க மறந்துபோனதற்காக வழியெல்லாம் தன்னையே நொந்துகொள்கிறான். பகைவனின் நாடான மோர்டாரின் எல்லைக்கு அருகே, இத்திலியன் காட்டில், இரண்டு முயல்கள் கிடைத்ததும் மூலிகை சேர்த்துக் குழம்பு வைக்கிறான். உருளைக்கிழங்கு இல்லையே என்ற அங்கலாய்ப்பு வேறு. அடுப்பைச் சரியாக அணைக்காமல் விட, புகையைப் பார்த்து வில்லும் ஈட்டியுமாய் ஆட்கள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். நல்ல மனசோடு செய்தது எல்லாம் நல்லபடியே முடியும் என்று டோல்கீன் ஏமாற்றுவதில்லை.

பிறகு மோர்டாரின் பொட்டல்வெளியில், சுமையைக் குறைக்க வேண்டி, அந்தப் பாத்திரங்களைப் பாறைப் பிளவில் எறிகிறான். அந்த நூலின் போர்க்களங்கள் பல எனக்கு மங்கிவிட்டன. பாத்திரங்கள் உருண்டு விழும் அந்த ஓசை மங்கவில்லை.

1916இல் சோம் போர்முனையில் டோல்கீன் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்தார். அதிகாரிகளுக்கு உதவ ஆர்டர்லிகள் இருந்தார்கள். அந்தப் போரில் தாம் அறிந்த சாதாரணச் சிப்பாய்கள், ஆர்டர்லிகள் ஆகியோரின் சாயல்தான் சாம் என்றும், அவர்கள் தம்மைவிட எவ்வளவோ மேலானவர்கள் என்றும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். குண்டு விழும் இடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மோதிரம் சாமையும் விட்டுவைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவன் கையில் இருக்கும்போது ஆசை காட்டுகிறது. வாளேந்திய மாவீரன் சாம், அவன் ஆணையிட்டதும் பொட்டல்வெளி முழுக்கப் பூத்துக் குலுங்கும் தோட்டம்! தோட்டக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான தூண்டில் ஏது? ஃப்ரோடோ மீதுள்ள அன்பு அவனைப் பிடித்து நிறுத்துகிறது. அதோடு ஒரு கணக்கும் போடுகிறான்: என் இரண்டு கைகள் கொத்திக் களையெடுக்க ஒரு சின்னத் தோட்டம் போதும், பிறர் கைகளை ஏவி வளர்ப்பது எனக்கு வேண்டாம். இதை அடக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். மண்வெட்டி பிடித்தவனுக்கு மண்ணின் அளவு தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த நல்ல மனசுக்கும் வேலி உண்டு. மோதிரத்தால் உருக்குலைந்த ஸ்மீகல், ஒரு படிக்கட்டில், தூங்கும் ஃப்ரோடோவின் முழங்காலைத் தயங்கித் தயங்கித் தொடுகிறான். திருந்திவிடுவானோ என்று தோன்றும் கணம். சாம் விழித்துச் சுடுசொல் வீசுகிறான், கணம் போய்விடுகிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் சாம்மீது கோபம் வரும். கடைசியில் மலைச்சரிவில், வாளை ஓங்கிய பிறகும் அதே ஸ்மீகலை அவனால் வெட்ட முடியவில்லை. மோதிரத்தைச் சிறிது நேரம் சுமந்து பார்த்தவனல்லவா. விட்டுவிட்ட அந்த ஸ்மீகலால்தான், ஃப்ரோடோ விட மறுத்த மோதிரம் நெருப்பில் விழுகிறது.

ஊர் திரும்பும்போது சாமிடம் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் எல்ஃப் குல அரசி கலாட்ரியல் கொடுத்த மண். சொந்தத் தோட்டத்துக்கு மட்டும் அவன் வைத்துக்கொள்ளவில்லை. பகைவர்கள் மரங்களை வெட்டிச் சாய்த்த இடங்களிலெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் வேரிலும் ஒரு துளி மண் வைத்துக்கொண்டே நடந்தான். மிஞ்சிய தூளை ஊர் எல்லைகள் கூடும் கல்லருகே நின்று காற்றில் தூவிவிட்டான்.